பேர் வெட்டப்பட்ட எலும்பு

"பத்து வருசத்துக்கு முன்னே அப்பாயிக்குக் கட்டின பல்செட் நல்லாத்தான் இருந்திச்சு. இப்ப ரொட்டியைக் கடிச்சா கீழ்ச்செட் எழும்பி வருது. செட் தேஞ்சிருச்சா?" என்று பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செட் அல்ல, அப்பாயியின் தாடைதான் தேய்ந்திருக்கிறது.

பல், எலும்பில் அடித்த ஆணி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் இடைவெளி. அதில் நெருக்கமாகப் பின்னிய நார்களில்தான் பல் தொங்குகிறது. ஒவ்வொரு கடிக்கும் அந்த நார்கள் எலும்பை இழுக்கும். எலும்புக்குள் புதைந்திருக்கும் கலங்களைச் சுற்றி நுண்குழாய்களில் திரவம் அசையும். அந்த அசைவுதான் கலங்களுக்குப் பெரட்டு, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது போல: ஆள் வேலைக்கு வந்திருக்கிறான்! பல் போனதும் இழுப்பு நின்றுவிடுகிறது. உடனே அதே கலங்கள் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு கட்டும் கலங்கள் கைகட்டி நிற்கின்றன. எலும்பைக் கரைக்கும் கலங்களோ அமிலம் சுரந்து தம் வேலையைத் தொடர்கின்றன. எலும்பின் பேரைச் செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், வெட்டியாயிற்று. உடம்பைப் போலக் கறாரான கணக்கப்பிள்ளையை நான் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை.

பல்செட் எலும்பை இழுப்பதில்லை. பல் முரசின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறது. அதனால் தேய்மானம் கூடத்தான் செய்யும்.

மறுபடி எலும்புக்கு வேலை கொடுப்பது, தாடை எலும்பில் இறக்கும் டைட்டேனியத் திருகு. 1952இல் சுவீடனில் பெர் இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டேனியக் கூடு ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. அந்த உலோகத்தின் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் தானாகவே ஒரு ஒட்சைட்டுப் படலம் படியும்; உடம்பு அதை அந்நியமாக நினைப்பதில்லை. 1965இல் முதல் மனிதத் தாடைக்கு டைட்டேனியத் திருகு வந்தது. முயல்காலைப் பார்த்து யாருக்கு லாபம் என்று அன்றைக்கு ஒருவர் காசை நிறுத்தியிருந்தால்? நம் நாட்டில் நிறுத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எலும்பு மெலிந்தால் வேறு இடத்து எலும்பையோ பதப்படுத்திய மாட்டெலும்புத் தூளையோ வைத்து வளர்க்கலாம், திருகைச் சாய்த்து இறக்கலாம், மேல்தாடையென்றால் கன்ன எலும்பு வரைக்கும் போகலாம். அப்பாயிக்கு அவ்வளவு தேவைப்படாது. கீழ்த்தாடையின் முன்பகுதியில் பெரும்பாலும் எலும்பு மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டு திருகு இறங்கினால் செட் சட்டைப் பட்டன் போல டக்கென்று பூட்டிக்கொள்ளும்.

மேல்பல்லில் கை வைத்தால் கண் போகும் என்று லயத்தில் யாராவது பயமுறுத்துவார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்தப் பயத்தில் பாதியை வெற்றிலை, புகையிலைமேல் வைத்தால் நல்லது. வாய்ப்புற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அப்பாயி வெற்றிலை போடுபவரென்றால் முதலில் வாயைக் காட்டுங்கள். பேராதனையில் பல் மருத்துவ பீடமே இருக்கிறது. சீனி வியாதியையும், எலும்பு பலத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகளால் தாடைப் புண் ஆறாமல் போகும். திருகு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடட்டும்.