ரிஸ்க்: ஆபத்தா, இடரா, இடர்வாய்ப்பா?

காரைக்குடியில் 'ரிஸ்க்' என்ற சொல்லுக்கு யாரும் அகராதி தேடுவதில்லை. "ரிஸ்க் எடுக்க வேண்டாம் ஆச்சி, ஒரு எக்கோ பாத்துருவோம்" என்பார் டாக்டர். "சுகர் இருக்கிறதால ரிஸ்க் கொஞ்சம் கூடத்தான்" என்பார் மயக்க மருந்து கொடுக்க வருகிறவர். கேட்கிற எல்லாருக்கும் புரிகிறது, ஆனால் ஆளுக்கொரு விதமாகப் புரிகிறது.

மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு இறுக்கமான ஒரே பொருள்தான். ஒரு கூட்டத்தில், குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட ஒரு கெடுதல் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நேர்ந்தது என்ற விகிதம். ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்து, அதில் நூறு பேருக்கு மாரடைப்பு வந்தால் பத்தாண்டு ரிஸ்க் 10 சதவீதம். யாருக்கு, எத்தனை பேரில், எத்தனை ஆண்டுக்குள் என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது ரிஸ்க் ஆகாது, வெறும் மிரட்டல்.

சொல் பிறந்தது துறைமுகத்தில். 12-ஆம் நூற்றாண்டில் ஜெனோவா நகர வணிகர்கள் லத்தீனில் எழுதிக்கொண்ட கடல் வணிக ஒப்பந்தங்களில் 'ரெசிகும்' என்று வருகிறது. கப்பலோடு சரக்கு போய்விட்டால் நட்டம் யார் தலையில் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளும் இடத்தில் அந்தச் சொல் நிற்கும். பிறகு இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கடற்பாறையைக் குறித்த கிரேக்கச் சொல் என்பது ஒரு கட்சி, அரபியின் 'ரிஸ்க்' என்பது இன்னொரு கட்சி. அரபியில் அதற்கு இறைவன் அளக்கும் பிழைப்பு, அன்றாட உணவு என்று பொருள். நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் அந்தப் பொருளில் அது புழங்குகிறது. இரண்டாவது கட்சி சொல்வது சரியென்றால், ஒரே சொல் ஒரு வீட்டில் சோறாகவும் அடுத்த வீட்டில் பயமாகவும் இருக்கிறது.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஊர் இது. கொடுத்த கடனில் கொஞ்சம் வராமல் போகும் என்பதையும் சேர்த்துத்தான் வட்டிக்கடைப் பெட்டியடியில் வட்டி பேசுவார்கள். அதாவது ரிஸ்க்கைக் கணக்காகப் பார்க்கும் பழக்கம் இங்கே புதிதில்லை. மருத்துவத்துக்குள் வரும்போதுதான் நமக்குக் கை நடுங்குகிறது. அதற்குப் பாதிக் காரணம் நாம் பிடித்துவைத்திருக்கும் தமிழ்ச்சொல் என்பது என் எண்ணம்.

பத்திரிகைகள் பெரும்பாலும் ஆபத்து அல்லது அபாயம் என்று எழுதிவிடுகின்றன. இரண்டும் வடமொழியிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்டவை. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பொருள்தான் உதைக்கிறது. ஆபத்து என்றால் அது வாசல்வரை வந்துவிட்டது. "ஆபத்தான நிலையில் அனுமதி" என்று படித்தால் உறவினர்கள் வண்டி பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நூற்றுக்கு ஒன்று என்பதையும் நூற்றுக்குத் தொண்ணூறு என்பதையும் அந்தச் சொல் ஒரே குரலில்தான் சொல்லும்.

சரி, நல்ல தமிழாக 'இடர்' இருக்கிறதே என்றால், அதிலும் ஒரு சங்கடம். "இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்" என்று சம்பந்தர் பாடும்போது இடர் என்பது வந்து சேர்ந்துவிட்ட துன்பம். வரலாம், வராமலும் போகலாம் என்ற ஊசலாட்டம் அதில் இல்லை. ரிஸ்க் என்ற சொல்லின் உயிரே அந்த ஊசலாட்டம்தான். அதனால் இடரோடு 'வாய்ப்பு' சேர்த்து 'இடர்வாய்ப்பு' என்று எழுதுவதே பொருத்தம். வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் கொஞ்சம் உறுத்தும். ஆனால் "மழைக்கு வாய்ப்பு" என்று தினமும் கேட்கிறோமே, வெள்ளம் வரும் நாளிலும் அதே சொல்தானே. எழுத்தில் இடர்வாய்ப்பு நிற்கும். பேச்சில் நிற்காது, நிற்கவேண்டிய அவசியமும் இல்லை.

தெரிந்த ஆச்சி ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை. முதல்நாள் மாலை செவிலியர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். "இந்த அறுவை சிகிச்சையில் உள்ள ஆபத்துகள் அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன" என்று அச்சடித்திருந்தது. ஆச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வரிமேல் வைத்துப் படித்தார்கள். "ஆபத்துன்னு தெரிஞ்சே செய்றாகளா?" என்றார்கள். மகன், "எல்லாருக்கும் வாங்குறதுதான் ஆத்தா, கையெழுத்தப் போடுங்க" என்றார். ஆச்சி போடவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "நூத்துக்கு எத்தன பேருக்கு, அப்பு, கெட்டுப் போகுது?" என்று கேட்டார்கள். புதுமூட்டில் கிருமி தொற்றுவது நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் அது கூடும் என்றார் அவர். "இதத்தான அதுல எழுதணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த கண்ணி 'மடங்கு'. ஒப்பீட்டு இடர்வாய்ப்பு, தனி இடர்வாய்ப்பு என்று இரண்டு உண்டு. ஒன்றைவிட இன்னொன்றில் எத்தனை மடங்கு என்பது ஒப்பீடு, இத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பது தனி. 1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வெளியானது: புதுவகைக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் ரிஸ்க் இரண்டு மடங்கு. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு என்றிருந்தது புதியதில் இருவருக்கு என்றானது, அதுதான் அந்த இரண்டு மடங்கு. செய்தியில் மடங்கு மட்டும் போனது, 7,000 போகவில்லை. பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடுகிறார்கள். கர்ப்பத்திலேயே ரத்தம் உறையும் இடர்வாய்ப்பு அந்த மாத்திரையைவிட அதிகம் என்பது இதில் கூடுதல் வேதனை. வட்டி இரட்டித்துவிட்டது என்று மட்டும் சொல்லி அசல் எவ்வளவு என்பதை மறைத்தால் செட்டிநாட்டில் ஒருவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டார். இதுவும் அந்தக் கதைதான்.

பயமுறுத்த மட்டுமில்லை, மருந்தைத் தூக்கிக்காட்டவும் இதே வித்தை உதவும். 1995-ல் வெளிவந்த மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வில், கொழுப்பு அதிகமிருந்த, அதுவரை மாரடைப்பு வராத நடுவயது ஆண்களுக்குப் பிரவாஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துச் சுமார் ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 3,293 பேரில் 248 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. மருந்து சாப்பிட்ட 3,302 பேரில் 174. ரிஸ்க் 31 சதவீதம் குறைந்தது என்று சொல்லலாம், பொய்யில்லை. நூற்றுக்கு ஏழரை பேர் என்றிருந்தது ஐந்தே கால் ஆனது என்றும் சொல்லலாம், அதுவும் உண்மை. நாற்பத்துச் சொச்சம் பேர் ஐந்தாண்டு விடாமல் விழுங்கினால் ஒருவர் தப்புகிறார் என்று பொருள். நல்ல மருந்துதான், என்னைக் கேட்டால் இதை மூன்று விதமாகவும் சொல்லிவிட்டுத்தான் மருந்துச் சீட்டு எழுதவேண்டும்.

அப்புறம் 'ரிஸ்க் ஃபேக்டர்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்ற ஊரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய இதயநோய் ஆய்விலிருந்து, 1961-ல் வெளிவந்த ஒரு கட்டுரைதான் இந்தத் தொடரை மருத்துவத்தில் நிலைநாட்டியது. தமிழில் 'இடர்க்காரணி' என்கிறோம். கணக்குப் பாடத்தில் வரும் காரணிதான் இது; ஆனால் காதில் 'காரணம்' என்று விழுகிறது. வயது ஒரு இடர்க்காரணி. அதற்காக அறுபது வயதா மாரடைப்பைக் கொடுத்தது? அந்தக் காரணி இருப்பவர்களுக்கு இல்லாதவர்களைவிட நோய் கூடுதலாக வருகிறது என்பதுவரைதான் அந்தச் சொல்லின் அதிகாரம். காரணமா இல்லையா என்பதைத் தனியாக நிறுவவேண்டும்.

சென்னையில் மருத்துவர் மோகன் குழுவினர் 2005-ல் உருவாக்கிய இந்திய நீரிழிவு ரிஸ்க் ஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்குதான், மொத்தம் 100. காலை முதல் இரவுவரை கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்காத 52 வயதுக்காரர், இடுப்பு 94 செ.மீ., தாயாருக்கு மட்டும் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, தாயாருக்கு 10, ஆகமொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே அதிக ரிஸ்க். உடனே அவர், "எனக்கு எம்பது சதவீதம் சுகராம்" என்று வீட்டில் சொல்வார். அதில்லை. யாரை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று பிரிக்கும் மதிப்பெண் அது. ஸ்கோர் வேறு, இடர்வாய்ப்பு வேறு.

விருந்து முடிந்து தாம்பூலத் தட்டு வரும் ஊரில் பாக்கைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பாக்கை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், வைத்திருக்கிறது. புகையிலை இல்லாமல் போட்டாலும் அப்படித்தான். அதே பிரிவில் சிகரெட்டும் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. மூன்றும் ஒரே அளவு கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு காட்டும். எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பதைக் காட்டாது. உண்டாக்குமா என்பது கேடு, எத்தனை பேருக்கு என்பது இடர்வாய்ப்பு. கல்யாண வீட்டில் ஒருநாள் போடுபவருக்கும் அரைமணிக்கு ஒருதரம் அதக்குபவருக்கும் கேடு ஒன்றே, இடர்வாய்ப்பு ஒன்றல்ல.

கடைசியாக ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'ஹைரிஸ்க் மதர்' என்று கர்ப்பிணிகளைப் பிரித்துக் குறிப்பார்கள். ரத்தசோகை, ரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, முந்தைய சிசேரியன் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இதை 'ஆபத்தான கர்ப்பம்' என்று மொழிபெயர்த்துச் சில கையேடுகளில் போடுகிறார்கள். மாமியார் காதில் அது விழுந்தால் அந்தப் பெண் என்ன பாடுபடுவாள் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. கோப்பில் 'மிகு இடர்வாய்ப்புக் கர்ப்பம்' என்று இருக்கட்டும். அவளிடம், "உனக்குக் கூடுதலா கவனிப்பு வேணும்த்தா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வந்துரு, பிரசவம் பெரியாஸ்பத்திரியில வச்சுக்குவோம்" என்று சொன்னால் போதும்.