வாத்து என்பது சவ்வுக்கால் கோழி அல்ல

குழந்தை ஆசைப்பட்டது என்று வாங்கி வந்த வாத்துக்குஞ்சு முதல் வாரம் முழுவதும் ஆள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடும். அடுத்த வாரம் நாலடி நடந்து உட்காரும். அதற்கடுத்த வாரம் இறக்கையைத் துடுப்புப்போல ஊன்றித் தீனித்தட்டை நோக்கித் தவழும். கால்கள் வில்லாக வளைந்திருக்கும், மூட்டு புடைத்திருக்கும். யாரோ மிதித்துவிட்டார்கள் என்று வீட்டில் விசாரணை நடக்கும், மஞ்சள் பற்றுப் போடுவார்கள். பல நேரங்களில் குற்றவாளி அந்தத் தீனித்தட்டுதான்.

அதில் வழக்கமாக இருப்பது சோறு, பிரட் துண்டு அல்லது கோழிக்குஞ்சுத் தீவனம். மூன்றிலும் வாத்துக்குப் போதாத பொருள் ஒன்று உண்டு: நியாசின், அதாவது பி3 வைட்டமின். கறிக்கோழிக் குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் நியாசின் இருந்தால் போதும். வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும் என்கிறது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணை. தீட்டிய பச்சரிசியில் கிலோவுக்கு ஏறக்குறைய 16தான். சோறாகி நீர் ஏறிய பிறகு அதே எடையில் இன்னும் குறைவு.

இரண்டும் தானியம் கொத்தும் பறவைகள்தானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை கூடுதல்? விடை கல்லீரலில் இருக்கிறது. நியாசினைத் தீனியிலிருந்து மட்டுமே பெற வேண்டும் என்பதில்லை. புரதத்தில் உள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே அதைச் செய்துகொள்ள முடியும். மனித உடல் சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோபேனைச் செலவழித்து ஒரு மில்லிகிராம் நியாசினுக்கு ஈடானதைத் தேற்றுகிறது. இந்தத் தயாரிப்பு பல படிகளைக் கொண்டது. நடுவில் ஓரிடத்தில் நிலையில்லாத ஓர் இடைப்பொருள் உருவாகும். அதை யாரும் தொடாமல் சற்று நேரம் விட்டால் தானாகவே வளையமாக மடிந்து குவினோலினிக் அமிலமாகும். அங்கிருந்து நியாசின் செய்யும் வேலைக்கான பாதை திறந்துவிடும். ஆனால் அதே இடைப்பொருளுக்காக ஒரு நொதி காத்திருக்கிறது. அது முந்திக்கொண்டால் பொருள் வேறு பாதையில் திரும்பி, வெறும் எரிபொருளாக எரிந்து தீரும்.

ஆக, இது ஒரு பந்தயம். கோழியின் கல்லீரலில் அந்த நொதி மந்தமாக இருப்பதால் மடிவதற்கு அவகாசம் கிடைக்கிறது. வாத்தின் கல்லீரலில் நொதி சுறுசுறுப்பு. (பூனைக்கு இன்னும் மோசம், டிரிப்டோபேனிலிருந்து நியாசின் ஏறக்குறைய கிடைப்பதே இல்லை.) கோழி தானே செய்து சமாளிக்கும் பங்கை, வாத்து வாயால் தின்றுதான் ஈடுகட்ட வேண்டும்.

நீர்நிலையில் வாழும் வரை வாத்துக்கு இது ஒரு குறையாகவே இருந்திருக்காது. ஆரணி, செய்யாறு பக்கத்து வாத்து மேய்ப்பவர்கள் அறுவடை முடிந்த வயல்களில் பட்டியை இறக்கும்போது பாருங்கள்: உதிர்ந்த நெல்லோடு நத்தை, புழு, தவளைக்குஞ்சு, சிறுமீன், பாசி எனக் கிடைத்ததையெல்லாம் சேற்றோடு சலித்து விழுங்கும். இப்படித் தின்னும் பறவைக்கு நியாசின் பஞ்சம் எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக் தொட்டியில், செய்தித்தாள் விரிப்பில் வளரும் குஞ்சுக்குத்தான் கல்லீரலின் ஊதாரித்தனம் வினையாகிறது.

கால் ஏன் முதலில் விழுகிறது? நியாசினிலிருந்து உடல் செய்யும் என்ஏடி என்ற மூலக்கூறு, உணவின் ஆற்றலைச் செல்லுக்குள் கைமாற்றிவிடும் சுமைதூக்கி. வேகமாக வளரும் திசுக்களுக்கு அது நிறைய வேண்டும். பெக்கின் இன வாத்து பொரிக்கும்போது 50 கிராம் சொச்சம். ஏழு வாரத்தில் மூன்று கிலோவை எட்டிவிடும். எலும்பு ஒழுங்காக உருவாவதற்குள் உடலின் பாரம் அதன்மேல் ஏறிவிடுகிறது. புடைப்பது முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. மாங்கனீசுக் குறைபாட்டிலும் இந்த மூட்டு வீங்கும். ஆனால் அதில் காலின் பின்புறத் தசைநாண் இடம் பெயர்ந்து நழுவும்; நியாசின் குறைவில் அப்படி நழுவுவது அரிது.

கால் தளர்ந்தாலே நியாசின்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. விரல்கள் உட்புறம் சுருண்டால் பி2 குறைவை நினைக்க வேண்டும். தலை முதுகுப் பக்கம் வளைந்து வானத்தைப் பார்த்தால் பி1. பச்சை மீனை நிறையப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சில மீன்களில் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு, வேக வைத்தால் அது அழியும். அலகு ரப்பர்போல வளைந்தால் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ் கணக்கு தவறியிருக்கிறது. வெயிலே படாத குடியிருப்புக் குஞ்சுகளுக்கு இது எளிதில் வரும். கழுத்தே துவண்டு தொங்கினால் அழுகிய தீனியிலிருந்து வரும் பாட்டுலிச நஞ்சாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நியாசினுக்கு எங்கே போவது? தானியத்தில் உண்டே என்பார்கள். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் அது மாவுப்பொருளோடு பிணைந்து கிடப்பதால் குடலுக்கு அதிகம் சிக்குவதில்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்த மெக்சிகோ மக்கள் அந்தப் பிணைப்பைத் தங்களை அறியாமலே அவிழ்த்தார்கள். அந்தச் சமையல் முறை இல்லாமல் தானியம் மட்டும் பரவிய நாடுகளில் மனிதருக்கே நியாசின் குறைவு நோயான பெலக்ரா வந்தது.

நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 12 மில்லிகிராம் நியாசின் இருக்கிறது. கடலைப் பிண்ணாக்கு போடலாமே என்று தோன்றும். எனக்கு அதில் பயம். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின். வாத்துக்குஞ்சு அதற்கு எவ்வளவு எளிதில் பலியாகும் என்றால், பிற்பாடு நஞ்சைச் சோதித்தறியும் ஆய்வுக்கே ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். வெந்த மீன், பச்சைப் பட்டாணி, மதுபான ஆலை ஈஸ்ட் பொடி ஆகியவை பாதுகாப்பானவை. வாத்துக்கென்றே செய்த தீவனம் கிடைத்தால் எல்லாவற்றிலும் நல்லது.

கால் தளர்ந்த முதல் சில நாட்களிலேயே மருத்துவர் சொல்லும் அளவில் நியாசினைக் குடிநீரில் கொடுத்தால் குஞ்சு பெரும்பாலும் எழுந்து நடந்துவிடும். இது நீரில் கரையும் வைட்டமின். உடல் அதிகம் சேமித்து வைக்காது. அதனால் எழுந்துவிட்டதே என்று நிறுத்தாமல் வளரும் காலம் முழுவதும் கொடுக்க வேண்டும். இடையிடையே வெதுவெதுப்பான நீரில், பக்கத்திலேயே இருந்து, சிறிது நேரம் மிதக்க விட்டால் கால்களுக்கு உடல் பாரத்திலிருந்து ஓய்வு கிடைக்கும். வளைந்தபடியே இறுகிவிட்ட எலும்பை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. அந்த வாத்து ஆயுள் முழுக்கக் கரையில் நொண்டும். குளத்தில் இறங்கிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.