லாக்கர்: அரக்கு இல்லாத அரக்கு

லாக்கர் (பெட்டிகளில் பூசும் பளபளப்பான மெருகு; வங்கியில் நகை வைக்கும் லாக்கர் வேறு) என்ற சொல்லின் வேர் சமஸ்கிருத 'லாக்ஷா'. பாரசீகம், அரபி வழியே போர்த்துகீசியர் நாவில் முத்திரை மெழுகைக் குறிக்கும் 'லாக்ரெ' ஆகி, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. லாக்ஷாவுக்கு நம் சொல் அரக்கு: மரக்கிளையில் அப்பி வாழும் பூச்சி சுரக்கும் பிசின். 'அரக்கத்தன்ன செந்நிலப் பெருவழி' என்கிறது அகநானூறு 14ஆம் பாட்டு.

கிழக்காசியப் பெட்டிகளின் பளபளப்பைக் கண்ட ஐரோப்பியர் அதற்கும் இதே பெயரை வைத்ததில்தான் குழப்பம். அந்தப் பூச்சு மரப்பால். ஜப்பானில் உருஷி, பர்மாவில் தித்சி. மரங்கள் வேறானாலும் எல்லாம் முந்திரி, சேங்கொட்டைக் குடும்பம். சேங்கொட்டைப் பாலைப் போலவே பச்சையாகத் தோலில் பட்டால் கொப்பளிக்கும்.

அரக்கு சூட்டில் இளகும், எரிசாராயத்தில் கரையும். மரப்பால் இறுகிவிட்டால் எந்தக் கரைப்பானுக்கும் மசியாது. அது 'காய்கிறது' என்பதும் பிழை. 70–80 விழுக்காடு ஈரப்பதத்தில், பாலிலுள்ள லாக்கேஸ் நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு உருஷியோலை (உருஷிப் பாலின் முக்கிய வேதிப்பொருள்) பின்னிப் பிணைக்கிறது. வறண்ட அறையில் பிசுபிசுத்தே கிடக்கும். தடிப்பாகப் பூசினால் மேல்தோல் முந்தி இறுகிச் சுருக்கம் விழும். ஆகவே மெல்லிய பூச்சுகள், பல முறை.

கரையாத பொருளைப் பகுப்பது எப்படி? கண்ணுக்கு அரிதாகத் தெரியும் துணுக்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 500 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி உடைத்து, வரும் ஆவியை வாயு நிறப்பகுப்பு–நிறை நிரல் கருவியில் பிரித்து, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காண்கிறார்கள். கேட்டகால் வளையத்தில் (இந்தப் பால்களின் மூலக்கூறுகளுக்குப் பொதுவான வளையம்) 15 கார்பன் வால் தெரிந்தால் சீன, ஜப்பானிய, கொரிய மரம். 17 என்றால் வியட்நாம், தைவான் மரம். வால் நுனியில் பென்சீன் வளையம் இருந்தால் தித்சி. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பர்மா மூங்கில் டப்பாக்கள் இந்தக் கடைசி வகை.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. பூச்சின் குறுக்குவெட்டைச் செயற்கைப் பிசினில் பதித்து மெருகேற்றி, புறஊதா ஒளியில் அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பழுது பார்த்தவர்கள் பலர் உருஷியின் மேல் அரக்கையே பூசிவிட்டார்கள்! அடித்தளத்தில் களிமண்ணோடு மரப்பாலுக்குப் பதில் மலிவான விலங்குப் பசை கலந்திருந்தால், வறட்சியில் அது சுருங்கி மேற்பூச்சு பெயரும்.

இரண்டையும் 'அரக்கு' என்றே எழுதினால் இப்படிப்பட்ட ஆய்வறிக்கையைத் தமிழில் படிக்கவே முடியாது. பூச்சிப் பிசினுக்கு மட்டும் அரக்கு. மற்றதற்கு 'மரப்பால் மெருகு', வகை சுட்ட உருஷி, தித்சி.