பத்து சென்டிமீட்டர் மேல் வெறுங்கால்

அக்கா மகளுக்கு எட்டு வயது. சேலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே கொலுசைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கொலுசுக்குப் பேர் போன ஊரில் அதுவே அவளுடைய அம்மாயிக்கு மனக்குறை. பீம் என்கிற ஒடுக்கமான நீளக் கட்டை மேல் ஏற ஷூ, சாக்ஸ் எதுவும் வேண்டாம் என்றதும் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "ஏன் கண்ணு, அந்த ஒசரத்துல வெறுங்காலோடயா ஏத்துவாங்க?"

நியாயமான கேள்விதான். போட்டிக்கான பேலன்ஸ் பீம் 5 மீட்டர் நீளம், 125 சென்டிமீட்டர் உயரம், வெறும் 10 சென்டிமீட்டர் அகலம். வகுப்பில் சின்னப் பிள்ளைகளைத் தரையோடு கிடக்கும் பீமில்தான் முதலில் விடுகிறார்கள். ஆனாலும் அகலம் அதே பத்துதான்.

அந்தப் பத்தும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. ஒற்றைக் காலில் நிற்கும் குழந்தைக்கு உண்மையான அடித்தளம் அவள் பாதத்தின் அகலம்தான், ஏழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் எடை மையம் அந்த ஏழுக்கு நேர் மேலே இருக்கும்வரை நிற்பாள். கொஞ்சம் வெளியே போனால் சாய்வாள். யாருமே அசையாமல் நிற்பதில்லை. ஓயாமல் சாய்ந்து, ஓயாமல் திருத்திக்கொள்கிறோம்.

திருத்த வேண்டும் என்றால் முதலில் சாய்வது தெரிய வேண்டும். கண்ணும் உள்காதும் அதைச் சொல்கின்றன. தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. கூடவே உள்ளங்காலும் சொல்கிறது. அதன் தோலுக்குள் நான்கு வகைத் தொடு உணர்விகள் இருக்கின்றன. சில அழுத்தத்தை அறியும், சில தோல் இழுபடுவதை அறியும், சில அதிர்வை. எடை சுண்டுவிரல் பக்கம் சரிந்தால் அங்கே அழுத்தம் கூடும். செய்தி நரம்பில் ஏறும். கணுக்கால் தசை எதிர்ப்பக்கம் இழுக்கும். பீமின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணால் குனிந்து பார்க்க முடியாத நேரத்தில் விரல்களே அதைத் தடவிக் கண்டுபிடிக்கின்றன.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் தரையில் நில்லுங்கள், பிறகு தலையணை மேல். கணுக்கால் படும் பாடு தெரியும். தலையணை அழுந்த அழுந்த, எடை எந்தப் பக்கம் போகிறது என்ற செய்தி மங்குகிறது. கணுக்கால் தள்ளும் வேகத்தையும் பஞ்சே தின்றுவிடுகிறது. தடிமனான ஷூ அடி செய்வதும் ஏறக்குறைய இதுதான். சாக்ஸ் கதை வேறு. அது வழுக்கும், அவ்வளவுதான்.

சரி, விழுந்தால்? ஷூ காப்பாற்றாதா? 125 சென்டிமீட்டரிலிருந்து நேரே இறங்குகிறவள் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். சைக்கிள் போகிற வேகம். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறதோ அதைப் பொறுத்தது அடி. ஷூ அடிப்பகுதி அழுந்திக் கொடுப்பது அரை சென்டிமீட்டரோ ஒன்றோ. மடங்கும் முழங்காலும் அமுங்கும் மெத்தையும் சேர்ந்து கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே ஷூவுக்கு ஆகும் காசைத் தடிமனான மெத்தையில் போடுங்கள் என்பேன்.

அதற்காக ஷூ என்றாலே தப்பு என்று இல்லை. சர்வதேச விதிகளே மெல்லிய ஜிம்னாஸ்டிக் காலணியை வீராங்கனையின் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. முன்பாதத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பழகினால் தோல் உராய்ந்து எரியும். அப்போது மெல்லிய தோல் காலணியோ டேப்போ உதவும். வளரும் வயதில் வரும் குதிகால் வலி மட்டும் வேறு விஷயம். எட்டு முதல் பதினான்கு வயதுக்குள், எலும்பு வளரும் இடத்தில் வரும் வலி அது. அதை ஷூ போட்டு மறைக்காமல் குதிப்பதைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுவதே சரி.

வெறுங்காலுக்கு நிஜமான எதிரி வியர்வை. உள்ளங்கால் வெயிலுக்கு மட்டுமில்லை, பயத்துக்கும் வியர்க்கும். அதற்குத்தான் அந்த வெள்ளைப் பொடி. சாக் என்கிறார்கள், ஆனால் கரும்பலகை சாக்பீசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது மெக்னீசியம் கார்பனேட்; ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை அடிவாரத்தில் வெள்ளை வெளேர் என்று கிடக்கும் மேடுகளைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் சாக் இல்லை. மேக்னசைட், அதாவது அதே மெக்னீசியம் கார்பனேட்தான், கல் வடிவத்தில். அது பெரும்பாலும் உலைக்களத்துச் செங்கல்லுக்குப் போகிறது. ஜிம்முக்கு வருவது சுத்திகரித்து மென்மையாக்கிய பொடி.

போன வாரம் அம்மாயியும் வகுப்புக்கு வந்திருந்தார். பாப்பா காலில் பொடியைத் தட்டிக்கொண்டு ஏறி, ஐந்து மீட்டரையும் கடந்து இறங்கினாள். பீம் மேல் வரிசையாக வெள்ளைத் தடங்கள். பாதி வழியில் ஒரே ஒரு தடத்தில் மட்டும் சுண்டுவிரல் இல்லை. "அங்கதான் ஆடிப்போச்சு" என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே.