ஆடி விளையாடும் கேம், அழுத்தி விளையாடும் கேம்: எதில் எங்கே வலிக்கும்?

"ஏனுங்க சார், உட்கார்ந்து பட்டனை அழுத்தறதுக்கு, கையை வீசி ஆடற கேம் நல்லதுதானுங்களே?" கோடை விடுமுறை வந்தால் சேலத்தில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வரும் பெற்றோர் கேட்பது இது. வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் கையை வீசுகிறான் என்பதாலேயே அது உடற்பயிற்சி ஆகிவிடாது.

இரு கையிலும் பிடித்துப் பட்டனை அழுத்தி ஆடும் கன்ட்ரோலரில் பாரம் முழுக்கக் கட்டைவிரலுக்கு. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால், அந்த விளையாட்டுக்கு உடனே ஓய்வு வேண்டும்.

கையை வீசி ஆடும் அசைவு கேமில் வலி தோளுக்கு ஏறும். ரிமோட் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து வீசி ஆடும் நின்டெண்டோவின் 'வீ' (Wii) கேம் கருவி 2006-இல் வந்தது. மறு வருடமே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு கடிதம்: 29 வயது பயிற்சி மருத்துவர் ஒருவர் அதில் பல மணி நேரம் டென்னிஸ் ஆடி, மறுநாள் தோள்வலியோடு எழுந்திருக்கிறார். தோள்பட்டையின் பின்பக்கத் தசைநாணில் அழற்சி. நிஜ டென்னிஸில் மூச்சு வாங்கும், பந்து பொறுக்கப் போக வேண்டும், உடம்பே போதும் என்று சொல்லிவிடும். இங்கே அந்தத் தடை எதுவும் இல்லை. மட்டையில் பந்தும் மோதாது. வேகமாக வீசிய கையைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்க அந்தப் பின்பக்கத் தசைகளுக்குத்தான்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மணிக்கட்டைச் சுண்டினாலே போதும் என்று கண்டுபிடித்து, சோபாவில் சாய்ந்தபடியே ஜெயிப்பார்கள். அப்புறம் கன்ட்ரோலருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அசைவு கேமை நான் மனசார விரும்புவது பக்கவாதம் வந்தவர்களுக்காக. வெறுமனே கையைத் தூக்கச் சொன்னால் சீக்கிரம் சலித்துக்கொள்ளும் பெரியவர், திரையில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் என்றால் இன்னொரு ஆட்டம் கேட்கிறார். ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டும். கை வராதபோது உடம்பையே சாய்த்து வீசுவார்கள். மெஷின் அதற்கும் மார்க் போடும், தப்பான பழக்கம் ஊறிவிடும். பலவீனமான பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள், பின்னால் கைப்பிடி நாற்காலி இருக்கட்டும். டைல்ஸ் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும்.

கையையே தூக்க முடியாதவர்களுக்கு அசைவு கேம் வெறும் ஏமாற்றம். அவர்களுக்குப் பட்டன்தான் வரம். 2018-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பட்டன்கள் உண்டு. தனி ஸ்விட்சுகளை இணைத்தால் காலாலோ முழங்கையாலோ ஆடலாம்.

பிள்ளைகள் எதில் ஆடினாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிவிடுங்கள். வீசி ஆடுவதற்கு முன் தோளை நன்றாகச் சுழற்றச் சொல்லுங்கள். விரல் மரத்துப்போனாலோ, தோள்வலியால் இரவில் தூக்கம் கலைந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.