குரோம்பேட்டை: பாதி கிரேக்கம், மீதி நம்ம பேட்டை

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் குரோம்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும் புதிதாக வருகிறவர்களுக்கு இணைய உலாவிதான் நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் வயதானவர்கள் என்றால், பளபளவென்று குரோம் பூச்சுப் போடும் பட்டறைகள் இருந்திருக்கும் என்று ஊகிப்பார்கள். இரண்டும் இல்லை. இந்தப் பெயர் தோலிலிருந்து வந்தது.

குரோம் என்ற பாதியை முதலில் பார்ப்போம். கிரேக்க மொழியில் 'குரோமா' என்றால் நிறம். 1797-இல் வோக்கலின் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தில் புதிய உலோகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் சேர்மங்கள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருந்தன. அதனால்தான் குரோமியம் என்று பெயர். மரகதம் பச்சையாக இருப்பதற்கும் மாணிக்கம் சிவப்பாக இருப்பதற்கும் அதில் துளியூண்டு கலந்திருக்கும் குரோமியமே காரணம்.

சரி, நிறத்துக்கும் தோலுக்கும் என்ன உறவு? பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதைப் பதனிட வேண்டும். நம் ஊரில் இதற்குக் காலங்காலமாக ஆவாரம்பட்டைதான். பட்டையில் இருக்கும் துவர், தோலின் நார்களைப் பிடித்து இறுக்கிவிடும். பாக்கை மென்றால் நாக்கு இழுக்கிறதே, அதே துவர். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஊற வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை மேல்நாடுகளில் வந்தது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இப்படிப் பதனிட்ட தோல் கொதிக்கும் நீரிலும் சுருங்காது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது வெளிர் நீலமாக இருக்கும். இன்றும் தோல் தொழிலில் இருப்பவர்கள் அந்த ஈரத் தோலை 'வெட் புளூ' என்றுதான் சொல்கிறார்கள்.

சென்னையில் இந்த முறையை முதலில் முயன்று பார்த்தவர், கலைப்பள்ளியில் பொறுப்பில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன். நம் வீடுகளுக்குள் அலுமினியப் பாத்திரம் நுழைவதற்கும் இவரே காரணம். 1903 வாக்கில் குரோம் பதனீட்டைத் தொடங்கியபோது அவர் மனதில் வைத்திருந்தவற்றில் ஒன்று கிணற்றுக் கவலைக்கான தோல். மாடு பூட்டி நீர் இறைக்கும் அந்தத் தோல் சால் எந்நேரமும் நனைந்து கிடக்கும். பட்டையில் பதனிட்டது சீக்கிரம் இற்றுப்போகும். நாகரிகக் காலணிக்காக வந்தது என்று நாம் நினைக்கும் குரோம் தோல், இங்கே முதலில் விவசாயிக்காகவும் யோசிக்கப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில், சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் குடும்பம் பல்லாவரத்தை ஒட்டி 'குரோம் லெதர் கம்பெனி'யை நிறுவியது. கம்பெனியைச் சுற்றி ஆட்கள் குடியேறினார்கள், ரயில் நிலையம் வந்தது, ஊர் வளர்ந்தது. கம்பெனியின் பெயரில் இருந்த குரோம், ஊரின் பெயரில் ஏறிக்கொண்டது. சேம்பர்ஸ் பெயரும் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து நாகல்கேணியிலும் பம்மலிலும் தோல் ஆலைகள் பெருகின. அவற்றோடு நிலத்தடி நீர் கெட்ட கதையும் உண்டு. அந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி பேட்டை. கிரேக்கத்தைவிட இதுதான் எனக்குச் சுவையான பாதி. தமிழில் பேட்டை, தெலுங்கில் பேட்ட, கன்னடத்தில் பேட்டெ, மராத்தியில் பேட் என்று தக்காணம் முழுக்கப் பரவிக் கிடக்கும் சொல். கோட்டைக்கோ நகரத்துக்கோ வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியிருக்கும் இடம், சந்தை கூடும் இடம் என்பது பொருள். வண்டிகள் வந்து நிற்கும் இடம் வண்டிப்பேட்டை. அது இன்று லாரிப்பேட்டை ஆகியிருக்கிறது. 'நீ எந்தப் பேட்டை?' என்று சென்னையில் ஒருவர் கேட்டால் முகவரியை மட்டும் கேட்கவில்லை, கொஞ்சம் உரசியும் பார்க்கிறார் என்று அர்த்தம்.

சென்னையின் பழைய பேட்டைகளைக் கவனித்தால் ஒன்று புரியும். வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியார் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம். கொசப்பேட்டை, மண்பாண்டம் செய்தவர்களுடையது. சிந்தாதிரிப்பேட்டை, 1730-களில் நெசவாளர்களுக்காகக் கூவம் கரையில் அமைத்த குடியிருப்பு. சின்னத் தறிப் பேட்டைதான் அப்படி மருவியது என்பார்கள். தொழில் முன்னால், பேட்டை பின்னால். குரோம்பேட்டையும் அச்சு அசலாக அதே வாய்பாடு. முன்பாதி வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து வந்திருக்கலாம். பெயர் வைத்த முறை முழுக்க நம்முடையது.

இதற்குச் சரியான தமிழ்ப்பெயர் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நிறப்பேட்டை' என்று வரும். யாரும் ரயிலை விட்டு இறங்க மாட்டார்கள். பொருளைப் பார்த்து மாற்றினால் 'பதனீட்டுப்பேட்டை'. இது பரவாயில்லை, ஆனால் தேவையில்லை. பொதுச்சொற்களுக்குத்தான் தமிழ் வேண்டும், அவை நம்மிடம் இருக்கின்றன: தோல் பதனிடுதல், பதனிட்ட தோல், துவர். குரோமியத்தைப் பாடநூல்களும் குரோமியம் என்றே எழுதுகின்றன. ஊரின் வகையைக் குறிக்கப் புறநகர் இருக்கிறது. அதைவிடப் பழசாக, கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய இடத்தைச் சிலப்பதிகாரம் 'புறஞ்சேரி' என்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1958-இல் கிண்டியில் அரசு தொழில் வளாகம் அமைத்தபோது, அந்த வகை இடத்துக்குத் தமிழில் நிலைத்த சொல் 'தொழிற்பேட்டை'. குரோம்பேட்டை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒரு தொழிற்பேட்டை.

பெயரில் தோல் இருந்தாலும் ஊருக்குப் புகழ் சேர்த்தது வேறொன்று. சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு, 1949-இல் இங்கே மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜியைத் தொடங்கினார். எம்.ஐ.டி. என்றால் அதே சுருக்கப் பெயருள்ள அமெரிக்கக் கல்லூரி இருக்கும் பாஸ்டன் பக்கம் பார்க்காமல், இந்த ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான்; வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததை அவரே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியல் படித்ததும் இங்கேதான். ஒருவர் ராக்கெட் பக்கம் போனார். மற்றவர் பெங்களூரில் வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் இருந்தார். பிற்காலத்தில் இஸ்ரோ தலைவரான கே. சிவனும் இந்தக் கல்லூரிக்காரர்தான்.

இவ்வளவு இருந்தும் குரோம்பேட்டைக்குத் தனி நகராட்சி இருந்ததில்லை. பல்லாவரம் நகராட்சிக்குள் இருந்தது, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. அந்தப் பல்லாவரத்தின் வயதோ மலைக்க வைக்கும்: பல்லவபுரம் என்ற பெயர், மகேந்திரவர்மன் குடைந்த குகை, இதெல்லாம்கூட அங்கே நேற்றுச் சமாச்சாரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் இங்கே ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

எழுத்துக்கூட்டைப் பற்றி ஒன்று. தமிழில் மகர மெய்யை அடுத்து வரும் பகரம் மெலிந்து ஒலிக்கும். அதே ரயில் தடத்தில் மாம்பலம், தாம்பரம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'கும்பம்' போலத்தான் வரும். குரோம்பேட்டையிலும் அதே 'ம்ப' தான் எழுதுகிறோம், ஆனால் பகரம் வல்லோசையாகவே வருகிறது. தேனாம்பேட்டையிலும் அப்படித்தான். எழுதும்போது ஒட்டிவிட்டாலும், பேட்டை தனிச்சொல் என்பதைச் சென்னைக்காரர் நாக்கு இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது.