மூங்கில் இலையில் கறுப்புப் புள்ளி: பெயர் வைக்க என்ன அவசரம்?

மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு மாணவர் மாதவரத்திலிருந்து மூங்கில் இலைகளைக் கொண்டுவந்தார். பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தவை. பையின் உட்புறம் வியர்த்துக் கிடந்தது. இலைமேல் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. "புதுச் சிற்றினமாக இருக்குமா, ஐயா?" என்றார். நுண்ணோக்கியில் வைத்தால் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம். பழைய ரொட்டியில் வருகிற அதே கூட்டம்.

இலையைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள். என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்.

வட சென்னையில் இலையின் கறுப்பு மூன்று வகை. எண்ணூர், மணலிப் பக்கம் படியும் தூசியும் சாம்பலும் ஈரத்துணிக்குப் போய்விடும். அசுவினி கழிக்கும் இனிப்புத் திரவத்தில் வளரும் கரும்பூசணம், விரலால் தேய்த்தால் ஏடாக உரியும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது காசைக் கரைப்பது. விரட்ட வேண்டியது பூச்சியை. மூன்றாவது தார்ப்புள்ளி, ஃபில்லகோரா என்ற பூஞ்சையின் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நகத்தை ஓட்டினால், காய்ந்த வார்னிஷ் துளிபோலத் தட்டுப்படும்.

அந்தப் புள்ளியைக் கேரட் துண்டின் பிளவில் செருகிப் புது பிளேடால் சீவுவேன். பத்துச் சீவலில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். நுண்ணோக்கியில் பார்த்தால், கறுத்த கூரைக்குக் கீழே குடுவை போன்ற அறை, அதற்குள் நீண்ட பைகள், பைக்கு எட்டு ஸ்போர்கள், அதாவது பூஞ்சையின் வித்துகள். முப்பது ஸ்போர்களையாவது அளக்காமல் நான் வாய் திறப்பதில்லை.

இப்போதைய பிள்ளைகள் நேராக டிஎன்ஏவுக்குப் போகிறார்கள். ஐ.டி.எஸ். என்ற டிஎன்ஏ பகுதி 2012 முதல் பூஞ்சைகளின் அடையாளப் பட்டையாக ஏற்கப்பட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் தரவுத்தளத்தில் 93 சதவீதம்தான் பொருந்துகிறது என்றால், புதுச் சிற்றினம் என்று துள்ளக் கூடாது. நூறாண்டுக்கு முன் உலர்ந்த இலையைப் பார்த்துப் பெயரிட்ட எத்தனையோ பூஞ்சைகளின் டிஎன்ஏவை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. மூங்கிலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சைகள் பதிவாகியிருக்கின்றன. பழைய விளக்கங்களைப் படிக்கச் சலித்துக்கொண்டால், தாத்தாவுக்கே மறுபடி பெயர்சூட்டு விழா நடத்தியதாக ஆகிவிடும். ஃபில்லகோராவில் இன்னொரு வம்பும் உண்டு. உயிருள்ள இலையை விட்டு ஆய்வக வளர்ப்பு ஊடகத்தில் எளிதில் வளராது. புள்ளியைச் சுரண்டி டிஎன்ஏ எடுத்தால், கூடக் குடியிருக்கும் வேறு பூஞ்சையும் சேர்ந்தே வரும்.

உண்மையிலேயே புதிது என்றால், மாதிரியை உலர்த்தி ஒரு காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்; விளக்கத்தை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ வெளியிட வேண்டும். 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் இல்லாத புதுப் பெயர் செல்லாது.

அந்த மாணவர் மறுபடி வந்தார், இந்த முறை செய்தித்தாளுடன். தார்ப்புள்ளி அருமையாக இருந்தது. பழைய விளக்கங்களோடு ஒப்பிட, அது எந்த மூங்கிலில் வந்தது என்றும் தெரிய வேண்டும். "எந்த மூங்கில்?" என்றேன். "பச்சை மூங்கில்" என்றார். மூங்கில் பூப்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. பூவை வைத்து மூங்கிலின் இனத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் இனம் காண, இளந்தண்டைச் சுற்றியிருக்கும் உறையைக் கிழியாமல் எடுத்துவரச் சொல்லி மாதவரத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.